நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வாத்தியம்

1

ஜப்பானிலிருந்து நான் வரவழைத்த ஒரு பெட்டியைப் பிடித்து வைத்திருப்பதாகச் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அரசாங்க உறை வந்தால் பயந்து பயந்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன். என் மனைவி உமா, எங்கள் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பசுவந்தனைக்காரி. அவளுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது.

"என்ன, இன்னொரு பொட்டியா? அடுப்படியில இட்லிக் கொப்பரை வைக்க எடமில்ல. நீங்க பொட்டி பொட்டியா வாங்கி அடுக்குதீங்க" என்றாள்.

எந்தப் பெட்டி என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பாட்டைப் பதிவு செய்து வைக்க இடம் கிடையாது. விளையாட்டு வெறும் சுரக் குறிப்பைத்தான் அனுப்பும். அதை வாங்கி வாசிப்பதற்கு வெளியே தனியாக ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குள் பியானோ, வயலின், குழல், முரசு என்று நூற்றிருபத்தெட்டு வாத்தியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு, இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். இப்போது யாருக்கும் தேவைப்படாத பொருள். ஆனால் என்னைப் போன்ற கிறுக்கர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம். எந்தக் கம்பெனிப் பெட்டி என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேட ஆரம்பிப்பீர்கள், விலை இன்னும் ஏறிவிடும்.

பெட்டியை மீட்க மகள் பவித்ராவையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். நான் ஜெர்மன் பேசினால் கருத்து மட்டும்தான் போய்ச் சேரும், மரியாதை வழியில் எங்காவது தொலைந்துவிடும். அதற்காகத்தான் பவி.

சுங்கத்து அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். "இது இசைக் கருவியா, கம்ப்யூட்டர் பாகமா?"

"இரண்டும்தான்" என்றேன்.

"ஒரு கட்டத்தில்தான் டிக் போட முடியும்."

"தானாக வாசிக்காது. கம்ப்யூட்டர் சொன்னால்தான் வாசிக்கும்."

"அப்படியானால் கம்ப்யூட்டர் பாகம்."

அங்கேயே வாயை மூடிக்கொண்டு டிக் போட்டிருக்கலாம். யார் கேட்டது? "ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல், ஒரு கீபோர்டைச் சொருகினாலும் வாசிக்கும். நீயே ஒரு தடவை கேட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது. பவி குறுக்கே புகுந்து சரளமான ஜெர்மனில் என்னென்னவோ சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் 'இசைக் கருவி, பழையது' என்று முத்திரை விழுந்தது.

"அப்பா, அவங்களை 'நீ'ன்னு சொன்னீங்க" என்றாள் வெளியே வந்ததும். அது மட்டும் தமிழ். டிராமில் ஏறி உட்கார்ந்ததும் ஜெர்மனுக்கு மாறிவிட்டாள். "இந்தப் பெட்டியிலாவது உங்கள் நாகஸ்வரம் வருமா?"

கேலியாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கேலி செய்திருப்பேன். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

2

அந்த நாகஸ்வரத்தை நான் கேட்டபோது எனக்கு அவள் வயதைவிட ஒன்று குறைவு. என் வகுப்பில் படித்த காசிராஜனின் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பவிக்கு இதை விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஆபீஸ் என்றால் நாற்காலி மேஜைதானே, அங்கே எதற்குத் தீக்குச்சி மருந்து வாசனை என்பாள்.

ஆபீஸுக்குள் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஏ.சி., கம்ப்யூட்டர். எங்கள் கரிசல் மண் சங்கதி தெரியுமே. ஐப்பசியில் செருப்போடு சேர்ந்து ஒரு கிலோ ஏறி வரும், சித்திரையில் புழுதியாக மூக்கில் ஏறும். அதனால் செருப்பை வெளியே கழற்றிப் போட்டு, காலைச் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்பது காசியின் அப்பா போட்ட சட்டம். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனப் பொட்டும் உண்டு. இன்றைக்கும் என் பெட்டிகளை இயக்கும் முன்னால் செருப்பைக் கழற்றாமல் என்னால் முடியாது. இங்கே என் கூட்டாளிகள் முன்னால் நான் ஷூவைக் கழற்றினால் பவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அதே அறையில் ஒரு மூலையில் ஜேம்ஸ் அண்ணாச்சியின் கீபோர்டு இருந்தது. அவர் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். கோயில் கொடைத் திருவிழா, சர்ச் அசன விருந்து, கல்யாணம், எதுவானாலும் அவர்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த கீபோர்டு வெயிலில் கெட்டுவிடும் என்று காசியின் அப்பாவிடம் கேட்டு ஏ.சி. அறையில் வைத்திருந்தார். ஒரு நாள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார், கீபோர்டின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஏலே, கீபோர்டுல அஞ்சு ஓட்டை இருக்கு. கம்ப்யூட்டர்லயும் பெரிய ஓட்டை ஒண்ணு சும்மாதான கெடக்கு. ஓட்டை இருந்தா அதுக்கு ஒயரு இருக்கும்ல" என்றார்.

மதுரைக்குக் கச்சேரிக்குப் போனபோது ஒயரை வாங்கி வந்துவிட்டார். நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தது ஒரு ராஜகுமாரன் கதை. கோட்டை கேம் என்போம். அதில் ஒலி எங்கே வர வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். ஏழு பெயர்கள். ஒன்றும் புரியாது. மூன்றாவதாக இருந்த பெயர்தான் இருப்பதிலேயே நீளமானது.

"நீளமா இருக்குல்லா? அதாம்ல உசத்தி. அதைப் போடு" என்றார் அண்ணாச்சி.

போட்டோம். ராஜகுமாரன் அகழிப் பாலத்தைக் கடந்தான், கோட்டைக் கதவு திறந்தது. பீறிட்டுக்கொண்டு வந்தது பாருங்கள் நாகஸ்வரம்! கூடவே கிணுகிணுவென்று மணி. தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அடுக்குக் கட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்கள். "உள்ள என்னய்யா, கொடையா நடக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். கணக்கப்பிள்ளை ஓடி வந்து எல்லாரையும் விரட்டினார், விரட்டிவிட்டு அவரும் நின்று கேட்டார்.

வெள்ளைக்காரன் கோட்டைக்குள் போகும்போது மேளதாளம் வைத்துத்தான் போவான் போலிருக்கிறது என்று காசியும் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

3

நாங்கள் இருக்கும் பிரேமன் நகரத்தில் எங்கள் கிறுக்கர் சங்கம் கூடும் இடம் ஒரு பழைய தீயணைப்பு நிலையம். தீப்பெட்டி ஆபீஸில் ஆரம்பித்த பைத்தியம் தீயணைப்பு நிலையத்தில் வந்து நிற்கிறது. சங்கத்தை நடத்துபவர் ஊவே. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு நாள் பகல் முழுக்கக் கேட்புத் திருவிழா வைப்பார். திரைக்குப் பின்னால் பெட்டிகள் இருக்கும். ஒரே பாட்டு ஒவ்வொன்றிலும் வரும். எது அசல் ஒலி என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும்.

போன வருஷம் எங்கள் கோட்டை கேம் பாட்டைப் போட்டார்கள். பெட்டியைத் தூக்க எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது என்று பவியும் வந்திருந்தாள். கதவு திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய குழல். சோடா பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி. அதன் பின்னால் பெரிய முரசு ஒரு அடி. எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பு, தப்பு! அந்த இடத்தில் நாகஸ்வரம் வரும், மணி வரும்" என்று எழுந்து நின்று சொன்னேன். கூடியிருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊவே அன்பாகத்தான் சொன்னார். "சங்கர், இந்தப் பாட்டை அமைத்தவர்கள் இந்தப் பழைய பெட்டியை வைத்துத்தான் அமைத்தார்கள். அது குழல். உன் ஊர்த் திருவிழாவையும் இந்த விளையாட்டையும் உன் மனசு ஒன்றாகக் கலந்துவிட்டது. எனக்கும் அப்படி நடப்பதுண்டு." சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பவி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "ஜேம்ஸ் அண்ணாச்சி நிஜமான ஆளா? கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்த பெண்கள்? சந்தனப் பொட்டு வைத்த மானிட்டர்?" நிஜம்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். "நாகஸ்வரமும் நிஜம் என்றுதானே சொன்னீர்கள்?" என்றாள்.

அந்த ஒரு நூலை உருவியதும் மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. இந்தக் கோடை விடுமுறைக்குக் கோவில்பட்டி போகலாம் என்று உமா பேச்செடுத்தபோது, நான் வரவில்லை, தோழிகளோடு ஏரிக்குப் போகிறேன் என்று பவி சொல்லிவிட்டாள். "அப்பா சொல்வது எதுவும் அங்கே இருக்கப் போவதில்லை. அப்புறம் எதற்கு?" உமா என்னைத்தான் முறைத்தாள். பிள்ளை தமிழில் பதில் பேசாமல் போனதைத் தாங்கிக்கொண்டேன், சாம்பாரைத் தள்ளிவிட்டு பாஸ்தா கேட்டதையும் தாங்கிக்கொண்டேன். என் ஊரையே நான் இட்டுக்கட்டியதாக அவள் நினைப்பதை மட்டும் தாங்க முடியவில்லை.

அதனால்தான் ஜப்பான் பெட்டி. அந்தத் தலைமுறைப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில் அந்த நாகஸ்வரம் இருந்தே ஆக வேண்டும். டிக்கெட் போடக் கடைசி வாரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

4

சனிக்கிழமை காலை, இட்லி முடிந்த கையோடு, சாப்பாட்டு மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

முதலாவது, மூத்தது. ஊவே சொன்ன அதே மாதிரிப் பெட்டி. சாம்பல் நிறம், தட்டையாக இருக்கும். கொஞ்சம் வேகமாக எதையாவது அனுப்பினால் திக்கித் திணறி நின்றுவிடும். பின்னணியில் எப்போதும் ஒரு உஸ் சத்தம். ஆனால் அதன் அடித்தொண்டை இருக்கிறதே, அது வேறு எதற்கும் வராது. முன்னால் ஒரு சின்னத் திரை உண்டு, விளையாட்டு அதில் தன் பெயரை எழுதிக்காட்டி வணக்கம் சொல்லும். இந்தக் காலத்துப் பொருள் எதற்கும் இந்த மரியாதை தெரியாது.

இரண்டாவது ஒரு அட்டை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதற்கு டாட்டர் போர்டு, அதாவது மகள் அட்டை, என்று பெயர். பெற்றவள் தலையில் ஏறி உட்கார்ந்து தன் பாட்டைத்தான் பாடுவேன் என்கிற சாமானுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சத்தம் கணீரென்று இருக்கும், முரசு மட்டும் தகரம்.

மூன்றாவது, சுங்கத்திலிருந்து மீண்டது. வெள்ளைப் பெட்டி. பியானோ பியானோவாகவே இருந்தது, வயலின் வயலினாகவே இருந்தது. கோட்டையில் மழை பெய்யும் கட்டத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெட்டிகளில் எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். பழைய விளையாட்டுக்கு முதலாவது, பிந்தைய விளையாட்டுக்கு மூன்றாவது, இடம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது.

எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரைப் பட்டியலில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மூத்ததுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் ஏழு. மூன்று தடவையும் கதவு திறந்தது. மூன்று தடவையும் குழல், முரசு. மேஜையின் மறு கோடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பவி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பாவமே என்று குனிந்துகொண்டாள்.

ஆற்றாமையில் காசிக்கு வீடியோ கால் போட்டேன். இப்போது அந்தத் தீப்பெட்டி ஆபீஸை அவன்தான் நடத்துகிறான்.

"ஏலே சங்கரா! என்னல, பொட்டிக்கடை போட்டிருக்க?"

"காசி, கோட்டைக் கதவு தொறக்கும்போது நாகஸ்வரம் வந்துச்சுல்லா? உண்மையைச் சொல்லுல."

"இதென்னல கேள்வி? வந்துச்சே. எங்கப்பா ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போனாவளே, சத்தம் தாங்காம."

"இங்க வரலல. மூணு பொட்டியிலயும் வரல."

"எந்த நம்பரைப் போட்ட?"

"புதுப் பொட்டிக்கு ஏழு. அதுதான் அதுக்குரியது."

"ஏழா? நாம என்னைக்குல ஏழு போட்டோம்? அண்ணாச்சி எப்பவும் மூணுல்லா போடுவாவ."

"மூணு பழைய பொட்டிக்குள்ளதுல. அண்ணாச்சி கீபோர்டுக்கு அதைப் போட்டா தப்பு."

"தப்போ சரியோ, யாருல பாத்தா? அதுதான் நீளமா இருந்துச்சு, அதைப் போட்டோம்."

போனை மேஜையில் சாய்த்து வைத்தேன். இத்தனை வருஷமாக எல்லாப் பெட்டியிலும் சரியானதையே தேர்ந்தெடுத்துச் சரியானதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குள் பவி எழுந்து வந்து, இரண்டு பெட்டிகளின் கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டாள். விரலால் ஓட்டிக்கொண்டே போனாள்.

"அப்பா, அந்தக் குழலுக்கு என்ன எண்?"

"நூற்றுப் பன்னிரண்டு."

"பழையதில் நூற்றுப் பன்னிரண்டு, மூச்சுக் குழல். புதியதில் நூற்றுப் பன்னிரண்டு..." நிமிர்ந்தாள். "ஷெனாய். அடுத்த எண், பழையதில் முரசு. புதியதில் மணி."

தீப்பெட்டி ஆபீஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் நம்பர் உண்டு. நூற்றுப் பன்னிரண்டு என்று கணக்கப்பிள்ளை கூப்பிட்டால் ஒரு அக்கா வருவார். பக்கத்து ஆபீஸில் போய் அதே நம்பரைக் கூப்பிட்டால் வேறொரு அக்கா வருவார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. விளையாட்டு குழல்காரனைக் கூப்பிட்டிருக்கிறது, அண்ணாச்சியின் கீபோர்டிலிருந்து ஷெனாய்க்காரர் எழுந்து வந்திருக்கிறார்.

வெள்ளைப் பெட்டியை இணைத்து, வேண்டுமென்றே மூன்றைப் போட்டேன். பாலம் வந்தது. கதவு திறந்தது.

கடவுளே, அந்தச் சத்தம்! அதேதான். மணியோடு அதேதான். போனுக்குள்ளிருந்து காசி "ஏலே! ஏலே! அதாம்ல! அதாம்ல!" என்று கத்துகிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அடுப்படியிலிருந்து உமா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன இது? வீட்டுக்குள்ள கொடையா நடக்கு?"

பவி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற அக்கா கேட்ட கேள்வியை நான் அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். உமாவிடம் அதை நான் சொன்னதே இல்லை.

"அப்பா, ஆனா இது நாகஸ்வரம் இல்ல, ஷெனாய்" என்றாள் தமிழில்.

"ரெண்டும் சொந்தக்காரங்கதாம்ட்டி" என்றேன்.

"ஏட்டி பவி," என்றான் போனில் காசி, "உங்கப்பன் மூளை எப்பவும் லேட்டாத்தாம்மா வேலை செய்யும். ஜேம்ஸ் அண்ணாச்சி கீபோர்டு இன்னும் அவிய வீட்லதான் இருக்கு. ரெண்டு கட்டைதான் வேலை செய்யல."

பவி வெள்ளைப் பெட்டியின் கையேட்டை மடித்து வைத்தாள். ஊருக்கு வருகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

5

இந்த வருஷத் திருவிழா அடுத்த வாரமே வந்தது. திரைக்குப் பின்னால் என் வெள்ளைப் பெட்டியும் சேர்த்து மூன்று பெட்டிகள், பாட்டு அதே கோட்டை கேம். பவி கையைத் தூக்கினாள்.

"நான்காவதாக ஒன்று சேர்க்க வேண்டும். வெள்ளைப் பெட்டியே, மூன்றாம் எண் அமைப்பில்."

ஊவே தலையை ஆட்டினார். "அது தவறான அமைப்பு, பெண்ணே. போட்டியில் வராது."

"சரியான அமைப்பாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது?"

இந்த ஊரில் பிறந்த பிள்ளை! ஊவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். இல்லை. படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பியே பாதி ஆயுளைத் தொலைத்த எனக்கு அந்த நிமிஷம் எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்லி மாளாது.

"சரி. ஆனால் பெட்டிகளை நீ மாற்றிப் போட்டால் உனக்கு வரிசை தெரிந்துவிடும். உன் சீட்டு கணக்கில் வராது" என்றார் ஊவே.

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்புறம்தான் உள்ளே போனாள்.

முதல் மூன்றும் மரியாதையாகப் போயின. நான்காவதில் ஷெனாய் பீறிட்டதும் ஒருவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மணி கிணுகிணுத்ததும் மொத்தக் கூடமும் சிரித்தது. போன வருஷம் சிரித்த மாதிரி இல்லை. ஊவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை" என்றார். இரண்டு தடவை போட்டாள். பிறகு அவர் என்னிடம் வந்து, "சங்கர், உன் மனசில் எந்தக் கலப்படமும் இல்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சீட்டுகளைப் பிரித்தார்கள். அசல் என்று ஒன்பது பேர் மூத்த பெட்டியை எழுதியிருந்தார்கள், ஒருவர் வெள்ளைப் பெட்டியை. நான்காவதுக்கு ஒரே ஒரு ஓட்டு, அது நான் போட்டது. கடைசியாக, கணக்கில் வராத சீட்டையும் ஊவே பிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது உன் மொழிதானே? என்ன எழுதியிருக்கிறது?"

எழுத்துக் கொஞ்சம் கோணல். ஆறாம் வகுப்போடு அவள் தமிழ்ப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆனாலும் தெளிவாகத்தான் இருந்தது. 'நாலாவது. அண்ணாச்சி கீபோர்டைப் பாக்க நானும் வாரேன்.'

"நான்காவது என்று எழுதியிருக்கிறது" என்றேன்.

"அது ஒரு சொல்தானே? மீதி?"

"மீதி எனக்கு எழுதினது" என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.